தொட்டுக் கண்ணில் ஒற்றும் கை

 

காரைக்கால் பட்டினச்சேரிக் கடற்கரையில் கூடியிருக்கும் இந்த ஆய்வரங்கின் பொருள், பங்குக் கோயில் வழிபாட்டில் பயபக்தி. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், இலத்தீன் போய்த் தமிழ் வந்தது, பீடம் மக்களைப் பார்த்துத் திரும்பியது எல்லாம் அவைக்கு மனப்பாடம். ஒலிபெருக்கி, கைப்பேசித் தொல்லைகளைக் கட்டுரையாளர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

இந்த உரைக்கு வேறொரு வழக்கு இருக்கிறது.

1969 ஏப்ரல் 25இல் இந்தியத் திருச்சபைக்கு உரோமை 12 தழுவல்களை அனுமதித்தது. தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, குத்துவிளக்கு, ஆரத்தி ஆகியவை அவற்றில் உண்டு. பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்டு. அம்முயற்சிக்கு முன்நின்ற அருட்தந்தை அமலோற்பவதாஸ், காரைக்காலும் அடங்கிய இதே புதுவை உயர்மறைமாவட்டத்தின் மைந்தர். அவர்மீது மரியாதை குன்றாமலே கேட்கவேண்டியிருக்கிறது: எது இங்கே புதிது?

ஆதரித்து எழுதியவர்கள் இதைப் பண்பாட்டு மயமாதல் என்றார்கள். எதிர்த்தவர்கள் இந்து மயமாதல் என்றார்கள். மேலிருந்து வந்த புதுமை என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டுவிட்டார்கள். அந்த அறிஞர்கள் கோயில் வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கலாம். முக்காடிட்ட பாட்டி கொடிமரத்தைத் தொடுகிறாள், விரல்களைக் கண்ணில் ஒற்றுகிறாள், பேரனின் கையைப் பிடித்து அதையே செய்யவைக்கிறாள். இதற்கு அவள் எந்தச் சுற்றறிக்கையையும் படித்ததில்லை.

அப்படியானால் இந்தப் பழக்கத்தின் வரலாற்றை எங்கே தேடுவது? வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ உபதேசியார்களுக்காக எழுதப்பட்ட நூல். அதைத் தமிழ் உரைநடைக்கு மாதிரி என்று ஒரு வரியில் கடந்துபோவது நம் துறையின் பழைய குறை. குருவானவர் எப்போதோ வந்துபோன ஊர்களில் வழிபாட்டு ஒழுங்கைக் காத்தவர் உபதேசியார். பயபக்தியின் வரலாறு அவரிடமிருந்து தொடங்கவேண்டும். 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் உள்ளூர் வழக்கங்களுக்கு எதிராகப் புதுச்சேரியில் பிறப்பித்த தடையாணைகளைப் பக்கம் பக்கமாக அலசும் நாம், அந்த ஆணைகளைக் கேட்ட பிறகும் தங்கள் வழக்கப்படி வாழ்ந்துகாட்டிய மக்களை ஏன் எழுதவில்லை?

அமைதிதான் பயபக்தி என்போருக்கும் ஒரு சொல். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இதே கடற்கரைக்கு வருகிறார். மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று கூவி வரவேற்கிறார்கள். அந்தக் கூச்சலில் பக்தி குறைவு என்று யார் சொல்வார்? தெற்கே வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலால் நகர்பவர்களும் வாய்விட்டுத்தான் செபிக்கிறார்கள். மனிதக் குரல் வேறு, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் கட்டுரைகளை இந்த அவை கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

ஊர் ஊராகக் கோயில் பணிகளைக் கவனித்துவந்த மூத்த கோயில்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவிலிருப்பதை இந்த ஆண்டே பதிவுசெய்யத் தொடங்குவோம் என்று அரங்கு இன்று மாலைக்குள் முடிவெடுக்கவேண்டும்.