களத்து வருவாயும் மாதச் செலவும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

இன்று காலை முதல் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசினோம். வீட்டு வரியால் வருவது இவ்வளவு, குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் செல்வது இவ்வளவு என்று கணக்கிட்டோம். மன்றத்தின் தீர்மானமின்றி ஊராட்சிப் பணத்தைச் செலவிடலாகாது என்பதை நீங்கள் யாவரும் நன்கறிவீர்கள். ஊர்ப் பணத்தில் இத்துணை எச்சரிக்கை காட்டும் நாம், நம் வீட்டுப் பணத்தில் அதிற் பாதியேனும் காட்டுகின்றோமா? இவ்வினாவை எழுப்பவே இச்சிறு உரை. அதிலும், மாதந்தோறும் நம் கையைவிட்டுச் செல்லும் மளிகைச் செலவு ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

"மளிகைக் கணக்குப் பெண்கள் பாடு, அதை இம்மன்றத்தில் பேசுவானேன்?" என்று சிலர் எண்ணக்கூடும். எம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் காரணம் விளங்கும்.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கம். எமக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். எம் தந்தையார் நான்கு ஏக்கர் நன்செய் உழுத குடியானவர். ஊர்க் கடையில் எங்களுக்கு ஒரு பற்று வரவு நோட்டு இருந்தது. எண்ணெய், பருப்பு, புளி, வெல்லம், சோப்பு என்று வீட்டிலிருந்து யார் போய்க் கேட்டாலும் கடைக்காரர் கொடுப்பார், நோட்டில் எழுதிக்கொள்வார். எவ்வளவு ஏறியிருக்கின்றது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. தை பிறந்து நெல் களத்துக்கு வந்தபோது நோட்டும் களத்துக்கு வந்தது. கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு மாதம் பொறுத்தவர் அவர். அக்கடனைத் தீர்க்கவேண்டி, நெல் நன்கு காயுமுன்னரே, களத்துக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கு அளந்துவிட்டோம். பங்குனியில் அதே நெல் நல்ல விலைக்கு ஏறிற்று. ஆவணியில் சாப்பாட்டுக்கு நாங்களே அரிசி வாங்க நேர்ந்தது. அவ்வாண்டு எம் அன்னையாரின் தோடு அடகுக்குப் போயிற்று. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு அவர் நாற்று நட்டார். மழை பொய்க்கவில்லை, பயிரில் பூச்சி விழவில்லை. நன்கு விளைந்த ஆண்டிலேயே இது நடந்தது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது.

வருவாய் போகத்துக்கு, செலவு மாதத்துக்கு

மாதச் சம்பளக்காரர்க்குச் சொல்லும் யோசனைகள் உழவர்க்கு அப்படியே பொருந்தா. சம்பளம் மாதம் தவறாமல் வருகின்றது. உழவர்க்கோ வருவாய் போகத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுப்போ நாள்தோறும் எரியவேண்டும். நெல் விற்ற பணம் கையிலிருக்கும்போது செலவு பெருகுகின்றது. அது தீர்ந்தபின் கடன் பெருகுகின்றது. ஆதலின் உழவர் செய்யவேண்டிய முதற் காரியம், போகத்து வருவாயைத் தாமே மாதச் சம்பளமாகப் பிரித்துக்கொள்வதாகும்.

அதற்குரிய வழி எளிது. விற்ற தொகையிலிருந்து அடுத்த சாகுபடிக்கான விதை, உரம், உழவு, கூலி ஆகியவற்றை முதலில் ஒதுக்குக. கூட்டுறவுக் கடன் தவணையையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் அடுத்து ஒதுக்குக. எஞ்சியதில் மளிகைக்கு எவ்வளவு கொடுக்க இயலும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்க. நால்வர் கொண்ட ஒரு குடும்பம் ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஒதுக்க இயலும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12,000 ரூபாயை ஆண்டுச் சாமான்களுக்கென எடுத்து வைத்துவிட்டால், எஞ்சிய 36,000 ரூபாய் மாதம் 3,000 வீதம் வரும். இம் மூவாயிரத்தில் மாதத் தொடக்கத்தில் வாங்கும் மளிகைக்கு 2,000. காய்கறி, முட்டை போன்றவற்றுக்கு வாரம் 200 வீதம் 800. எதிர்பாராத விருந்தினர்க்கு 200 என வகுக்கலாம். உங்கள் வீட்டில் இத்தொகை கூடலாம், குறையலாம், முறை ஒன்றே. பணத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ இட்டு, அவ்வம்மாதத்துக்கு உரியதை மட்டும் எடுப்பது நலம்.

பிற வரவுகளையும் இவ்வாறே கொள்ளல் வேண்டும். பி.எம். கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் 2,000 ரூபாயை, மாதம் 500 என்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தமாக வந்ததை மொத்தமாகச் செலவிட்டால், மற்ற மூன்று மாதங்களும் வெறுங்கையே. வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அதனினும் அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கின்றார். அரசர்க்குச் சொன்ன அவ்வறிவுரை அடுக்களைக்கும் பொருந்தும்.

பணம் ஒழுகும் இடம்

வரம்பில் நண்டு வளை இருந்தால் மடை அடைத்தும் பயனில்லை. அதுபோல, பட்டியல் போட்டு வாங்கியும் பணம் நிற்கவில்லையென்றால், ஒழுகும் இடத்தைத் தேடவேண்டும்.

நடுவண் அரசு 2022-23ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு ஒரு செய்தியைக் காட்டுகின்றது. இந்தியக் கிராமக் குடும்பங்கள் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் உணவுக்குச் செல்வது ஏறத்தாழ 46 ரூபாய். அதனுள் தானியங்களுக்கு 5 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பானங்கள், கடைச் சிற்றுண்டிகள், பதனிட்ட உணவுகள் ஆகியவற்றுக்கோ 9 ரூபாய் 62 காசு. நியாயவிலைக் கடைத் தானியம் கிடைப்பதும் இவ்வேற்றுமைக்கு ஒரு காரணமே. எனினும், தானியத்துக்குத் தருவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு பொட்டலத்துக்கும் புட்டிக்கும் தேநீர்க் கடைக்கும் போகின்றது என்பது சிந்தித்தற்குரியது.

ஐந்து ரூபாய்ப் பொட்டலம் யார் கண்ணிலும் செலவாகத் தோன்றுவதில்லை. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 20 ரூபாய் இவ்வாறு சென்றால் மாதம் 600; ஆண்டுக்கு 7,200 ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன குடும்பத்துக்கு இது இரண்டு மாதத்து மளிகைக்கும் மேலாகும். குழந்தைகளை மட்டும் இதற்குக் கடிந்து பயனில்லை. பேருந்து நிறுத்தத்தில் நாம் அருந்தும் தேநீரும் வடையும் எந்தக் கணக்கில் ஏறுகின்றன? அவற்றை அறவே விடுக என்று யாம் சொல்லவில்லை. அவையும் வீட்டு நோட்டில் ஏறட்டும் என்றே சொல்கின்றோம். எழுதத் தொடங்கினாலே பாதி குறைந்துவிடும்.

பட்டியலும் நோட்டும்

மாதக் கடைசியில் டப்பாக்களைத் திறந்து, எது எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று பார்த்த பின்னரே பட்டியல் எழுதுக. கடைக்குச் செல்லுமுன் நியாயவிலைக் கடையில் வாங்கவேண்டியதை வாங்கிவிடுக. அரிசி அட்டைதாரர்க்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகின்றது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. "இம்மாதம் வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டு, அதே பருப்பை வெளியில் பன்மடங்கு விலைக்கு வாங்கும் வீடுகள் உண்டு.

கடையில் பொட்டலத்தின் மீது அச்சிட்ட அதிகபட்ச விலையோடு, கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாருங்கள். பெரிய பொட்டலமே மலிவு என்பது எப்போதும் உண்மையன்று. சில பொருள்களில் சிறியதே மலிவாயிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை சென்று வாங்கிவிட்டு, இடையில் தீர்ந்ததற்கெல்லாம் கடைக்கு ஆள் அனுப்பும் வழக்கத்தை நிறுத்துக. உப்புக்கென்று போன பிள்ளை உப்பை மட்டும் வாங்கி வருவதில்லை.

கடனுக்கு வாங்கியே தீரவேண்டிய காலமும் வரும். அப்போது கடை நோட்டைப் போலவே வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்புநோக்குக. கடன் தவறன்று, கடனின் அளவு தெரியாதிருப்பதே தவறு.

பருவமறிந்து வாங்குதல்

ஆண்டுச் சாமான்களுக்கென 12,000 ரூபாயைத் தனியே எடுத்தோம். அதன் காரணத்தைச் சொல்கின்றோம். சம்பா நெல்லின் பணம் தையில் கைக்கு வருகின்றது. அதையடுத்த மாதங்களிலேயே துவரையும் மல்லியும், பின்னர் புளியும் மிளகாயும் புதிதாகச் சந்தைக்கு வருகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் தரிசில் விளையும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் வருகின்றன. நம் கையில் பணமும் சந்தையில் சரக்கும் ஒருங்கே இருக்கும் காலம் அதுவே. அப்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, வெயிலில் நன்கு காயவைத்துச் சேமிப்பது நம் பாட்டியர் கண்ட வழி. துவரைக்குச் செம்மண் கட்டினர். பானையில் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். ஐப்பசி மழையில் கால் கிலோ, கால் கிலோவாக விலை கொடுத்து வாங்கும் துன்பம் அவர்க்கு இருக்கவில்லை. பத்து வீட்டார் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் இன்னும் ஆதாயம். கழுவு நீர் பாயும் கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பாத்திக் கீரையும் இருக்குமாயின், வாரச் செலவும் குறையும்.

குறைக்கலாகாதவை

சிக்கனம் என்பது வயிற்றைக் கட்டுவதன்று. வீட்டில் பணம் தட்டும்போது முதலில் குறைவது யாருடைய உணவு? எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் இல்லத்தரசியின் உணவே. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர்க்கு இரத்தச்சோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. உணவும் அவற்றுள் ஒன்று. ஆகவே பருப்பு, முட்டை, கீரை, குழந்தைகளின் பால் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். பொட்டலத்தில் மிச்சம் பிடித்ததை இவற்றில் சேருங்கள். வரம்பு கட்டுவது நீரை வீணாக்காது பயிருக்குப் பாய்ச்சவே அன்றிப் பயிரைக் காயவிடுவதற்கன்று.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு முறை இன்று உங்கள் ஊர்களிலெல்லாம் வேரூன்றியிருக்கின்றது. குழுவின் கடன் பேரேட்டைப் பிழையின்றி எழுதும் பெண்கள் அங்கு உள்ளனர். வீட்டுக் கணக்கு எழுதும் வழக்கத்தை அவர்களைக்கொண்டு தெருத்தோறும் பரப்புங்கள். விலை தாழ்ந்த அறுவடைக் காலத்தில் விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, அதன் ஈட்டின்மேல் கடன் பெறும் வசதியையும் கிராம சபையில் எடுத்துச் சொல்லுங்கள். நோட்டுக்கு அஞ்சிக் களத்திலேயே நெல்லை விடும் நிலை எவர்க்கும் வரலாகாது.

எம் வீட்டுக் கதையின் மீதியைச் சொல்லி முடிக்கின்றோம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எம் அன்னையார், எம் பழைய பள்ளி நோட்டின் வெற்றுத்தாள்களில் கணக்கெழுதத் தொடங்கினார். முதல் இரண்டு மாதங்கள் கணக்கு நிற்கவில்லை, அவர் விடவுமில்லை. மறு தையில் கடைக்காரர் தம் நோட்டோடு வந்தபோது, எம் அன்னையார் தம் நோட்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே தொகை. அதுவும் சிறு தொகை. அவ்வாண்டு நெல் பங்குனி வரை எங்கள் வீட்டிலிருந்தது. தோடு திரும்ப மேலும் ஓராண்டு ஆயிற்று; ஆனால் திரும்பியது.

நீங்களும் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். முதல் மாதம் தவறினால் மனம் தளரவேண்டா. எங்கே தவறிற்று என்பதை அந்நோட்டே சொல்லும்.