‘பரவாயில்லை, நானே பாத்துக்கறேன்’



பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களிடம் ஒரு விநோதத்தைப் பார்க்கிறேன். சட்டப்படி தங்களுக்கு உரியதை அலுவலகத்தில் கெஞ்சிக் கேட்கிறார்கள். வீட்டில் தானாக வருகிற ஒத்தாசையை, ‘பரவாயில்லை, நானே பாத்துக்கறேன்’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது பலருக்குத் தெரியும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை அங்கே போய்வரலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட 2 இடைவேளையும் உண்டு. இந்தச் சலுகைகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. பிறகு எதற்கு மேலாளர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது? மின்னஞ்சலில் கேளுங்கள். ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’ என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

வாய்விட்டுக் கேட்க வேண்டிய இடம் வீடும் அக்கம்பக்கமும்தான். ‘ஏதாவது ஒத்தாசை வேணுமாம்மா?’ என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், ‘சாயங்காலம் 6 மணிக்கு ஒரு மணி நேரம் பாப்பாவை வச்சுக்கறீங்களாக்கா? குளிச்சிட்டு ஒரு வாய் சாப்பிட்டுடறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். நேரமும் வேலையும் தெரிந்தால் அவருக்கும் சுலபம். கணவரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு உதவி என்று பெயர் வைப்பானேன்?

கேட்டு வாங்கிய பிறகு இன்னொரு சங்கடம். மாமியார் துணி மடிக்கிற விதம் பிடிக்கவில்லை என்று, அவர் உள்ளே போனதும் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடிக்கிற மருமகள்கள் உண்டு. வேலை இரட்டிப்பு. அவர் மனசும் நோகும். மடிப்பு கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது பால் விஷயம். பீய்ச்சி எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் 4 நாள்வரை தாங்கும். அதை அடுப்பில் காய்ச்சக் கூடாது. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்குக் கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மருமகள் உத்தரவு போட்டாள் என்ற பேச்சும் வராது.