கருவுற்ற மருமகளும் கிராமச் செவிலியரும்

கொங்கு நாட்டு ஊர்களில் கருவுற்ற பெண்ணை வீடு தேடி வந்து காண்பவர் கிராம சுகாதார செவிலியர். அவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் உண்ணல் வேண்டும். மலம் கறுக்கிறதென்று அஞ்சிப் பலர் அதை அலமாரியிலேயே வைத்துவிடுகின்றனர். கறுத்தல் தீங்கன்று. இரத்தசோகையுற்ற தாய்க்கோ பேற்றுக்காலத்தில் சிறு குருதிப்போக்கும் பேராபத்தாகும்.

பொழுது சாயுமுன் உண்ணும் சமண இல்லங்களில் மதிய உணவுக்குப்பின் நெல்லிக்காய்ச் சாற்றுடன் அதனைக் கொள்ளலாம். தேநீரும் காபியும் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கட்டும். கிழங்கை விலக்குவதால் இரும்புச்சத்து குறைவதில்லை. கம்பும் கொள்ளும் கொங்குச் சமையலில் உள்ளனவே. பட்டினி நோன்பை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைக்குமாறு மாமியாரே முதலிற் சொல்லல் வேண்டும். மருமகள் தானாகக் கேட்கமாட்டாள்.

அடுத்த கருவுக்கு ஈராண்டேனும் இடைவெளி தேவையெனச் செவிலியர் விளக்குகையில் கணவரும் உடனிருத்தல் நன்று. பலவேளை அவர் வண்டியெடுக்க வெளியே சென்றுவிடுகிறார்.