எல்லைக்கல்லை நகர்த்தியது யார்?



எனக்கு முன்னால் பேசியவர்கள் குடியானவனைப் புகழ்ந்தார்கள், கைதட்டினீர்கள். என் பேச்சுக்குக் கைதட்டு விழாது. பரவாயில்லை, கேளுங்கள்.

2018இல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் எட்டு வழிச் சாலை என்று சொல்லி, ஆச்சாங்குட்டப்பட்டியிலும் குப்பனூரிலும் நம் காட்டுக்குள் கல் நட்டார்கள். நம் பெண்கள் மண்ணில் புரண்டு அழுதார்கள், கைதானார்கள். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தபோது பட்டாசு வெடித்தோம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் போராட்டம் நியாயமானது. எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் சர்க்கார் நட்ட கல்லைப் பார்த்துக் கொதித்த நாம், பங்காளி காட்டுக் கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தியதில்லையா?

இந்த ஊர்க் கோதண்டராமர் கோயில் தல வரலாறு உங்களுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமருக்கு இங்கேதான் பட்டாபிஷேகம் என்பார்கள். கைக்கு வந்த ராஜ்ஜியத்தையே தொடாமல், அண்ணன் பாதுகையை வைத்து ஆண்ட தம்பியின் கதையும் அதே ராமாயணத்தில்தான் இருக்கிறது. அந்தச் சந்நிதியில் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அரை சென்ட்டுக்காகக் கூடப்பிறந்த அண்ணன்மேல் கேஸ் போடப் போகிறோமே, கூச்சமாக இல்லையா?

நாம் அடித்துக்கொள்ளும் இந்தப் பட்டா எப்படி வந்தது? 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இந்த மண்ணை அளந்துதான் ரயத்துவாரிக்கு அடிபோட்டார்கள். உழுகிறவன் பெயருக்கே பட்டா என்ற வழி அப்படித்தான் பிறந்தது. பட்டாவுக்கு வெளியே ஏரியும் ஓடையும் இட்டேரியும் மேய்ச்சலும் இருந்தன. யார் பெயரிலும் இல்லாததால் அவை எல்லோருக்கும் சொந்தம். நாமோ, கேட்பாரில்லாத சொத்து என்று எடுத்துக்கொண்டோம்.

எப்படி எடுக்கிறோம்? மழை பொய்த்த வருஷம் நம்மில் ஒருவன் ஏரிக்குள் சோளம் விதைக்கிறான். மறு வருஷம் குச்சிக்கிழங்கு. அதற்கப்புறம் தென்னங்கன்று. ஆக்கிரமிப்புக்கு அபராதம் என்று தாலுகா ஆபீஸ் போட்ட பி மெமோ ரசீதைப் பட்டா மாதிரி பீரோவில் பூட்டிவைக்கிறான். மழை வந்து ஏரி நிரம்பும்போது தென்னை முழுகுமே என்று அவனே மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறான்! ஏரியில் தண்ணீர் நிற்காவிட்டால் கீழ்க்காட்டுக் கிணறுகள் வற்றும். அவன் பட்டா நிலத்துக் கிணறும் கீழேதான் இருக்கிறது! அப்புறம் ஆயிரம் அடிக்கு போர்வெல், அதற்குக் கடன், கடனுக்கு வட்டி. கடைசியில் தாத்தன் வைத்துவிட்டுப் போன காட்டை சைட் போடுகிறவனிடம் எழுதிக் கொடுக்கிறான். ஏரியைத் தின்றவன் வயலையும் இழந்தான்.

பொழுது சாய்வதற்குள் சுற்றிவரும் நிலமெல்லாம் உனக்கே என்றதும் ஓடி ஓடிச் செத்த குடியானவனைப் பற்றி ரஷ்யாவில் டால்ஸ்டாய் 1886இல் கதை எழுதினார். ஆறடிக் குழியோடு அவன் கதை முடிந்துவிட்டது. ஏரியைத் தின்றவன் செத்தாலும் அந்தக் கேடு பேரன் காலம் வரைக்கும் நிற்கிறது.

“பெரிய முதலாளி ஆயிரம் ஏக்கர் வளைக்கிறான், எங்கள் பத்து சென்ட்தான் கண்ணில் படுகிறதா?” என்று கேட்பீர்கள். படுகிறது, அதுவும் இதுவும். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. பெரிய மிராசுகள் நாய்க்கும் பூனைக்கும் பெயர் வைத்து எழுதி ஏய்த்தார்கள் என்று நாம்தானே ஏசினோம்? அதே ஏய்ப்பை நாம் செய்தால் அது மட்டும் உழைப்பாகிவிடுமா? நிலமே இல்லாத கூலிக்காரர் ஒரு ஏக்கர் கேட்பது பசி. பத்து ஏக்கர் வைத்திருப்பவன் ஓடையையும் கேட்பது கொள்ளை. நீ அடைத்த இட்டேரியில்தான் அந்தக் கூலிக்காரருடைய ஆடு நடந்துகொண்டிருந்தது!

ஏரிகளைக் காக்க 2007இல் சட்டம் வந்தது. அதிகாரி ஜேசிபியோடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த விதைப்புக்கு முன்னால் சர்வேயருக்கு மனுப் போடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் நிற்கவைத்து அளந்து, கல்லை அதன் இடத்தில் நடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் உங்கள் ஊர் ஏரியின் புல எண்ணையும் பரப்பையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஏரிக்குள் பயிர் வைத்திருப்பவர் அந்தச் சபையிலேயே எழுந்து, இந்த அறுவடையோடு விடுகிறேன் என்று சொல்லட்டும். அப்படி முதலில் எழுகிறவருக்கு, இதே மேடையில் நான் மாலை போடுகிறேன்.