கையொப்பம் விருந்தோம்பலில் சேராது

வீடு தேடி வரும் விற்பனைப் பிரதிநிதிகளும் படுக்கையறை அலுமாரிகளும்: பிரித்தானியா வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரை



புலம்பெயர்ந்து பிரித்தானியாவுக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பல ஆண்டுகள் உழைத்துச் சொந்த வீடு வாங்குகிறது. இலண்டனில் அவ்வீடு பல வேளைகளில் நூறாண்டைக் கடந்த வரிசை வீடாக இருக்கும். படுக்கையறைச் சுவரின் நடுவே பழைய புகைபோக்கி முன்தள்ளி நிற்கும். அதன் இரு மருங்கிலும் ஒடுங்கிய குழிவுகள் இருக்கும். கூரையும் தரையும் சமமாக இரா. கடையில் விற்கும் அலுமாரி அவ்விடத்தில் பொருந்துவதில்லை. எனவே சுவரோடு சுவராக, தரையிலிருந்து கூரை வரை அளவெடுத்துப் பொருத்தும் அலுமாரியை அக்குடும்பம் நாடுகிறது.

அதற்குச் செலவாவது பல ஆயிரம் பவுண். வீட்டுக்கும் வாகனத்துக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் ஒரே தடவையில் செலவிடும் பெருந்தொகைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் வாகனம் வாங்குவதற்கு மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள், இந்த அலுமாரியை ஒரே மாலைப்பொழுதில், தம் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்தபடியே வாங்கிவிடுகின்றனர்.

அம்மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்போர் தெளிவு பெறுவர். ஹரோவிலோ ஈஸ்ற்ஹாமிலோ வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தை வேலை முடிந்து இப்போதுதான் வந்திருக்கிறார். தாய்க்கு ஆங்கிலம் ஓரளவே புரியும். மகளுக்கு வயது பதினாறு. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்து விளக்குபவள் அவளே. மாலை ஆறு மணிக்கு விற்பனைப் பிரதிநிதி வருகிறார். இனிமையாகப் பேசுகிறார். அறையை அளக்கிறார். மடிக்கணினியில் அலுமாரியின் தோற்றத்தை வரைந்து காட்டுகிறார். தாய் தேநீரும் வடையும் கொடுக்கிறார். எட்டு மணிக்கு விலை வெளிவருகிறது: 9,800 பவுண்.

பெற்றோரின் முகம் வாடுகிறது. பிரதிநிதி அதனை எதிர்பார்த்தே இருக்கிறார். இம்மாதச் சலுகையில் அது 6,900 பவுண் ஆகிறது. அப்போதும் தயக்கம் நீங்கவில்லை. அவர் தம் மேலாளருடன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, இன்றிரவே கையொப்பமிட்டால் 4,950 பவுண் போதும் என்கிறார். தந்தை மகளைப் பார்க்கிறார். மகள் சொல்கிறாள்: "பிடிக்காவிட்டால் பதினான்கு நாட்களுக்குள் இரத்துச் செய்யலாமாம், அப்பா." தந்தை கையொப்பமிடுகிறார்.

மூன்றாம் நாள், அதே வேலையை அதனிலும் குறைந்த விலைக்குச் செய்து தருவதாக அயலிலுள்ள தச்சர் ஒருவர் கூறுகிறார். குடும்பம் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யக் கேட்கிறது. நிறுவனத்தின் மறுமொழி சுருக்கமானது: இது உங்கள் அறையின் அளவுக்கென்றே செய்யப்படும் பொருள், இதனை இரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை, முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

அவ்வீட்டில் இழக்கப்படுவது பணம் மட்டுமன்று. "நீதானே பிள்ளை சொன்னாய்" என்று தந்தை மகளிடம் கூறும் அந்த ஒரு சொல், பணத்திலும் பார்க்க நீண்ட காலம் அவள் நெஞ்சில் தங்கிவிடும். அவள் பொய் சொல்லவில்லை. கேட்டதை மொழிபெயர்த்தாள், அவ்வளவே.

இக்குடும்பமும் இத்தொகைகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் இந்த விற்பனை முறை புதியதன்று. வீட்டுவாசலில் நடைபெறும் விற்பனை குறித்து 2002 ஆம் ஆண்டில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அரசின் நியாய வணிக அலுவலகத்திடம் பெருமுறைப்பாடு ஒன்றைச் சமர்ப்பித்தது. அவ்வலுவலகம் 2004 இல் தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 2014 இல் அவ்வலுவலகமே மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அது ஆராய்ந்த சிக்கல் இன்னும் வரவேற்பறைகளில் வாழ்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் ஒப்பந்தங்கள் தொடர்பான 2013 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 2014 யூன் 13 முதல் நடைமுறையில் உள்ளன. வணிக நிலையத்துக்கு வெளியே, அதாவது வாடிக்கையாளரின் வீட்டில் செய்யப்படும் ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம் என அவை கூறுகின்றன. பலர் அறிந்திருப்பது இவ்வளவுதான்.

அதே விதிகளில் ஒரு விலக்கும் உண்டு. வாடிக்கையாளர் குறித்துக் கொடுத்த அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தனியாகச் செய்யப்படும் பொருட்களுக்கு இவ்வுரிமை கிடையாது. அறையின் அளவுக்கென வெட்டிச் செய்யப்படும் அலுமாரி இவ்விலக்கினுள் அடங்கும் என்றே நிறுவனங்கள் வாதிடும். காட்சியறைக்குச் சென்று, அங்கேயே ஒப்பந்தம் செய்தவருக்கோ இந்த 14 நாள் உரிமை சட்டப்படி தொடக்கத்திலிருந்தே இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து சில நாட்கள் அவகாசம் தருவதுண்டு. அது சட்டம் தந்த உரிமையன்று. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது செல்லும்.

வீட்டில் செய்யப்படும் ஒப்பந்தத்தில், இரத்துச் செய்யும் உரிமை இல்லையெனில் அதனை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. ஆகவே கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்றுதான்: "இந்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமை எங்களுக்கு உண்டா? அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது?" விரலால் தொட்டுக் காட்ட முடியாத உரிமையை இல்லாத உரிமையாகவே கொள்ளுதல் வேண்டும்.

பொய் கூறி விற்பவருக்கு எதிராகவும் சட்டம் உண்டு. 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த நியாயமற்ற வணிக நடைமுறைகளுக்கு எதிரான விதிகள், சலுகை மிகக் குறுகிய காலத்துக்கே உரியது எனப் பொய்யாகக் கூறி உடனடி முடிவை வற்புறுத்துவதைத் தடைசெய்கின்றன. வீட்டைவிட்டுச் செல்லுமாறு கேட்டபின்னரும் செல்லாதிருப்பதும் அவ்வாறே தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னர் 2008 ஆம் ஆண்டு விதிகளும் இவற்றைத் தடைசெய்திருந்தன. ஆனால் வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். எழுத்தில் இருப்பதே சான்றாகும்.

ஏன் இணங்கிவிடுகின்றனர்?

மனிதர் எவ்வாறு இணங்கவைக்கப்படுகின்றனர் என்பதை அமெரிக்க உளவியலாளர் ரொபேட் சியால்டினி 1984 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒருவர் ஒன்றைத் தந்தால் பதிலுக்கு ஒன்றைத் தரவேண்டும் என்ற உணர்வு எழும். சிறிய இணக்கம் பெரிய இணக்கத்துக்கு வழிவகுக்கும். கிடைத்தற்கரியது என்று சொல்லப்படும் பொருளின் மீது ஆசை கூடும். இலவசமாக வரைந்து தரப்படும் வடிவம், "இந்த நிறம் பிடித்திருக்கிறதா?" என்ற சிறு கேள்விகள், "இன்றிரவு மட்டும்" என்ற விலை ஆகிய மூன்றும் இவற்றுக்குப் பொருந்துவதைக் காணலாம்.

இவற்றோடு தமிழ் இல்லங்களுக்கே உரிய இரு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, வாய்ச்சொல்லின் மீதான நம்பிக்கை. ஊரில் தச்சர் வீட்டுக்கு வந்து அளவெடுத்து, வாயாலேயே விலை பேசுவார். வேலையில் பிழை வந்தால் அவரை மறுநாள் கோவிலிலோ சந்தையிலோ கண்டு கேட்கலாம். அங்கே ஊரே ஒப்பந்தத்தின் சாட்சி. இங்கே வரும் பிரதிநிதியைக் குடும்பம் மீண்டும் காணப்போவதில்லை. ஒப்பந்தம் அவரோடு அன்று, நிறுவனத்தோடு.

மற்றையது விருந்தோம்பல். தம் வீட்டில் அமர்ந்து, தம் கையால் தேநீர் வாங்கி அருந்தியவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது பண்பற்ற செயலாகப் பெற்றோருக்குத் தோன்றுகிறது. மூன்று மணிநேரம் உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா என்று அவர்கள் எண்ணுகின்றனர். தேநீர் கொடுப்பது பண்பு. வடை கொடுப்பதும் பண்பு. ஆனால் கையொப்பம் விருந்தோம்பலில் சேராது. நல்ல விலையைச் சொல்லும் நேர்மையான நிறுவனம் அடுத்த வாரமும் அதே விலையைச் சொல்லும். இன்றிரவு 4,950 பவுணுக்குச் செய்யக்கூடிய அலுமாரியின் மரமும் கூலியும் நாளைக் காலையில் இருமடங்காகிவிடுவதில்லை.

மாதத்தவணை என்னும் மறைவிலை

விலையைப் பேசி முடித்தபின் தவணைப் பேச்சு தொடங்கும். 5,000 பவுணை ஆண்டுக்கு 15.9 வீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணையில் பெற்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 119 பவுண் செலுத்த வேண்டும். மாதத்தொகை சிறிதாகத் தோன்றும். மொத்தமாகச் செலுத்தப்படுவது 7,100 பவுணுக்கும் மேல். குறைக்கப்பட்ட விலை வட்டியாகத் திரும்பிச் சென்றுவிடுகிறது. எனவே "மாதம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகும் உரிமை தனியாக உண்டு. ஆனால் அதனால் அலுமாரி ஒப்பந்தம் இரத்தாகிவிடாது. பணத்தை வேறு வழியில் செலுத்த நேரிடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுதல் கூடாது.

முற்பணத்தைக் கடனட்டையில் செலுத்துவது பாதுகாப்பானது. 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்கு, விலையின் ஒரு பகுதியை மட்டும் கடனட்டையில் செலுத்தியிருந்தாலும், விற்றவரோடு கடனட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். விற்றவர் நொடித்துப்போனால் இதன் அருமை விளங்கும். பணமாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

செய்யவேண்டியவை

பிரதிநிதியை அழைப்பதற்கு முன் அறையைத் தாமே அளக்க வேண்டும். குழிவின் அகலத்தைத் தரையருகிலும் நடுவிலும் கூரையருகிலும் அளந்தால் பழைய சுவரின் கோணல் தெரியவரும். உடைகளைத் தொங்கவிட ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் ஆழம் தேவை. எத்தனை சேலைகளை மடித்து வைப்பது, ஊருக்குப் போகும் பெரிய பெட்டிகளை எங்கே வைப்பது, எத்தனை லாச்சிகள் தேவை என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தேவையை அறிந்தவருக்குத் தேவையற்றதை விற்பது கடினம்.

குறைந்தது மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும். அவற்றுள் ஒருவர் அயலிலுள்ள தச்சராக இருத்தல் நன்று. தொலைபேசியில் நேரம் குறிக்கும்போதே, "ஒரு மணிநேரம் ஒதுக்கியுள்ளோம், அன்று கையொப்பமிட மாட்டோம்" என்று சொல்லிவிட வேண்டும். அதனைக் கேட்டு வர மறுப்பவர் வராமலிருப்பதே நன்மை.

விலை எழுத்தில் வர வேண்டும். பலகையின் வகை, அதன் தடிப்பு 18 மில்லிமீற்றரா அதனிலும் குறைவா, பின்பலகை உண்டா, பழைய அலுமாரியை அகற்றுவது யார், மின்செருகியை இடம்மாற்றுவது யார், வேலை எந்நாளில் முடியும் என்பவை அதில் இருக்க வேண்டும். பிரதிநிதிக்குப் பின் அளவையாளர் ஒருவர் வருவார். அவர் வந்தபின் விலை கூடுமா என்பதையும் கேட்டு எழுதுவித்தல் வேண்டும். வெளிச்சுவரில் ஈரக்கசிவோ பூஞ்சணமோ இருந்தால் அதனைச் சீர்செய்த பின்னரே அலுமாரி பொருத்த வேண்டும்.

முழுத்தொகையையும் முன்கூட்டிக் கொடுத்தல் தகாது. வேலை முடிந்ததும் நீட்டப்படும் தாளில், கதவுகளையும் லாச்சிகளையும் திறந்து மூடிப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். பொருத்தும் வேலையும் உரிய திறனோடு செய்யப்பட வேண்டும். குறையுள்ள பொருளை நிராகரிக்க 30 நாட்கள் உண்டு; விற்பவரே பொருத்தித் தருவதானால், பொருத்தி முடித்ததை அவர் அறிவித்த பின்னரே அந்நாட்கள் எண்ணப்படும். அளவெடுத்துச் செய்த பொருளுக்கும் இவ்வுரிமை உண்டு. மனம் மாறியதற்குத்தான் வழியில்லை; பிழையான வேலைக்கு வழியுண்டு. சிக்கல் எழுந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக ஆலோசனை வழங்கும்.

இளையோருக்கு ஒரு சொல்

பிள்ளைகள் பெற்றோரின் குரலாக இருப்பது பெருமைக்குரியது. ஆனால் ஒருவர் எதிரில் அமர்ந்து காத்திருக்கும்போது மொழிபெயர்ப்பதும், ஓர் ஒப்பந்தத்தை வாசித்துப் புரிந்துகொள்வதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்கு நேரம் வேண்டும். "அப்பா, இதை நான் நாளைக்கு ஆறுதலாக வாசித்துச் சொல்கிறேன்" என்று பிள்ளை சொல்லுமானால், அந்த ஒரு வசனம் ஆயிரக்கணக்கான பவுணைக் காக்கும். பிள்ளை அவ்வாறு சொல்லும்போது பெற்றோர் அதனைத் தடையாகக் கருதாது ஏற்க வேண்டும். முடிவும் அதன் பொறுப்பும் பெரியவர்களுடையவை. பதினாறு வயதுத் தோளில் அவற்றை ஏற்றுதல் முறையன்று.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் வாக்கு. இவ்வொப்பந்தத்தில் காலை விட்டபின் மீள்வது கடினம். சிந்திக்கும் பதினான்கு நாட்களைக் கையொப்பத்துக்குப் பின் எதிர்பார்க்காமல், கையொப்பத்துக்கு முன் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. அதனை வழங்க எந்தச் சட்டமும் தேவையில்லை. தடுக்க எந்த விற்பனையாளராலும் முடியாது. விருந்தினரை வாசல்வரை சென்று வழியனுப்புங்கள். பேனாவை மேசையில் விட்டுச் செல்லுங்கள்.