சூட்டுப்பெட்டிக் குஞ்சுகள்
(சங்கத்தின் தோட்டக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரை பிறக்கிற நேரம்தான் இங்கிலாந்தில் கோழிக்குஞ்சு வளர்க்கத் தொடங்குகிற காலமும். "மெசினில 12 பொரிச்சுது, ஒரு கிழமைக்குள்ள அஞ்சு செத்துப்போச்சு, என்ன வருத்தமெண்டு தெரியேல்லை, பிள்ளையள் அழுதுகொண்டு இருக்குதுகள்" என்று எங்கட ஆக்கள் கேட்கிறார்கள். அனேகமாக அது வருத்தமில்லை. சூடு பிழைத்ததுதான்.

ஊரில் பேடு 21 நாள் அடைகிடந்து பொரிக்கும். இரவில் கடகத்தால் மூடிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். குளிர்ந்தால் குஞ்சு செட்டைக்குள் போகும், சூடு கூடினால் வெளியே வரும். இங்கே பெட்டியும் மின்குமிழும்தான் தாய். முதல் கிழமை குஞ்சு நிற்கிற மட்டத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வேண்டும்; பிறகு கிழமைக்கு 3 பாகைப்படி குறைக்கலாம். ஆனால் வெப்பமானியைவிடக் குஞ்சைப் பாருங்கோ. குமிழுக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். மூலைக்கு ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு. பரவி நின்று கொத்தித் திரிந்தால் சரி. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சூடில்லாமல் விடுங்கோ, விலகிப் போக இடம் வேணும். டெப்லோன் பூசிய குமிழ் வேண்டாம். அந்தப் பூச்சுச் சூடேறி வருகிற புகை பறவைகளைக் கொல்லும்.

சூடு பிழைத்தால் பின்பக்கத்தில் தெரியும். எச்சம் ஒட்டிக் காய்ந்து துவாரத்தை அடைத்துவிடும். கவனியாமல் விட்டால் குஞ்சு சோர்ந்து செத்துப்போகும். பிய்த்து இழுக்காதேங்கோ, தோலும் உரிந்து வரும். நகச்சூட்டுத் தண்ணியில் பஞ்சை நனைத்து, ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி விடுங்கோ. வயிற்றுப் பக்கம் காய்ந்து நிற்கிற தொப்புளையும் எச்சமென்று நினைத்துச் சுரண்டுகிறவர்கள் இருக்கினம். அதைத் தொடக் கூடாது. தொப்புள் வீங்கி, ஈரமாய், மணத்தால் அது கிருமி. அந்தக் குஞ்சு தப்புவது அரிது.

வழுக்குகிற பேப்பரில் விட்டால் கால் இரண்டும் அகன்றுபோகும். மரச்சீவல் போடுங்கோ. அகன்றதை முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பிளாஸ்டரால் அளவாகப் பிணைத்துவிட்டால் பெரும்பாலும் நிமிரும். தண்ணித் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு தாழாது.

மூன்று கிழமைக்குப் பிறகு இரத்தக் கழிச்சல் கண்டால் கொக்சிடியோசிஸ் என்று சந்தேகப்படுங்கோ. ஈரச் சீவலில் பெருகுகிற வருத்தம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே மிருகவைத்தியரிடம் போகவேணும்.

தீனிக்குக் கடையில் விற்கிற குஞ்சுத்தீனிதான். மிச்சச் சோறு போடுவது எங்கட பழக்கம். இங்கே சமையலறையால் வந்த எதையும் கோழிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், பால் முட்டைகூடச் சேர்க்காத வீடு தவிர. 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு கோழி வைத்திருந்தாலும் பதியவேணும். பதியாதவர்கள் பதிந்துவிடுங்கோ.

இனிப் பிள்ளைகளின் விஷயம். சுகமாகத் தெரிகிற குஞ்சிலும் சல்மொனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அது கடுமையாக வரும். குஞ்சைக் கொஞ்ச விடாதேங்கோ. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேணும். பெட்டியைக் குசினியில் வைக்க வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கோ.