இறந்தவன் என்ன தொழில் செய்தான்?



திடீரென்று ஒருவன் மாண்டால் பிணத்தை அறுக்கிறார்கள், காரணத்தை ஒரு வரியில் எழுதுகிறார்கள், கட்டை மூடுகிறார்கள். அவன் எப்படி வாழ்ந்தான் என்று கேட்பவர் யார்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கேட்டார்கள். அபினி இனத்தைச் சேர்ந்த செயற்கை மருந்து பென்டனில். அங்கே கள்ளச் சரக்கில் அது கலந்து, மக்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. 2016 ஏப்ரலில் அரசாங்கம் சுகாதார நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. மரண விசாரணை அதிகாரிகள், 2016லும் 2017லும் இறந்த 872 பேரின் வாழ்வைத் துருவி, 2018ல் அறிக்கை தந்தார்கள்.

தெருவில் திரியும் சோம்பேறிகள்தான் சாகிறார்கள் என்றல்லவா கனவான்கள் பேசினார்கள்? அறிக்கை சொன்னது வேறு. நூற்றுக்கு 44 பேர் வேலையில் இருந்தவர்கள்! அவர்களிலும் பாதிக்குமேல் கட்டட வேலை, வண்டி ஓட்டுதல் போன்ற உடலுழைப்புக்காரர்கள். வலி தாளாமல் வைத்தியரிடம் போனவர்களும் அநேகர்.

இன்னொன்றும் தெரிந்தது. நூற்றுக்கு 69 பேர் தனியாக இருந்து மருந்தை உட்கொண்டவர்கள். தோழர்களே, இதைக் கவனியுங்கள். இந்த மருந்து மூச்சை நிறுத்துகிறது. நலோக்சோன் என்ற மாற்று மருந்தை உடனே கொடுத்தால் மூச்சு திரும்பும். ஆனால் நினைவிழந்தவன் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்வானா? பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். வேலை போய்விடும், மானம் போய்விடும் என்று கதவைத் தாளிட்டவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அதற்காகவே 2016 டிசம்பரில் அங்கே கண்காணிப்பு இடங்களைத் திறந்தார்கள். உதவிக்கு ஆள் அழைப்பவன்மீது போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போடக்கூடாதென்று 2017ல் கனடா சட்டமும் செய்தது. சாவு இன்னும் நிற்கவில்லை. கள்ளச் சரக்கில் விஷம் இருக்கிறது. உழைப்பவன் முதுகில் வலியும் இருக்கிறது.